ஸ்லீவா, பைபாஸா

பிப்ரவரி 3, செவ்வாய்

எடை 121.4. காதுத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியும் அதே 121.4.

மதியம் அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்தோம். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. நின்றபடியே பேசிக்கொண்டு ஒரு தாளில் இரண்டு இரைப்பை வரைந்தார். முதல் படத்தில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு குழாய் மாதிரி நிற்கும். அதற்குப் பெயர் ஸ்லீவ். இரண்டாவதில் இரைப்பையின் மேல்முனையில் முட்டை அளவுக்கு ஒரு பையைப் பிரித்து, குடலை மேலே தூக்கி அதோடு இணைப்பார்கள். அது பைபாஸ்.

“இதுல எது நல்லது டாக்டர்?”

“ரெண்டுமே நல்லதுதாங்க. உங்களுக்கு எது ஒத்துவரும்னுதான் பாக்கணும். நெஞ்செரிச்சலுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடுவோம். அதுக்குள்ள நீங்களும் யோசிங்க.”

பேருந்தில் என் வீட்டுக்காரர் அந்தத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் எங்கே பழுதாகும் என்றுதான் முதலில் பார்ப்பார். “ரெண்டாவதுல ஜாயின்ட் ஜாஸ்தி,” என்றார். “ஜாயின்ட் இருக்கிற இடத்துலதான் தொல்லை.” சிரித்துவிட்டேன். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

யோசிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு விஷயத்தில் நான் யோசித்து எடுத்த முடிவு எது உருப்பட்டது?

பிப்ரவரி 5, வியாழன்

மாமியார் போனில்: “பைபாஸா? ஐயோ, நெஞ்சுல என்னம்மா கோளாறு?” நெஞ்சில்லை, வயிறு என்று கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “வாயைக் கட்டினா போதாதா?” என்றார்.

போதாது அத்தை. கட்டிப் பார்த்தாச்சு. வாயைக் கட்டி பதினாறு கிலோ குறைச்சேன், அது இருபத்திரண்டா திரும்பி வந்துது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஸ்லீவ் செய்துகொண்டவள். முதல் வருஷம் எப்படி இளைத்தாள்! என் கல்யாணப் படத்தில் இருந்த மாதிரியே ஆகிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் வயிறு எரிந்தது உண்மை. இப்போது முக்கால்வாசி எடை திரும்பி வந்துவிட்டது. பைக்குள் எரிச்சலுக்கான மருந்து பாட்டில் எப்போதும் இருக்கிறது. இரண்டு தலையணை வைத்து, பாதி உட்கார்ந்துதான் தூங்குகிறாளாம்.

“ஸ்லீவ் பக்கமே போகாதடி. சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வருது.”

“அப்போ பைபாஸ்?”

“அதைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் பண்ணதைத்தான் சொல்றேன்.”

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அந்த ஒரு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு.”

பிப்ரவரி 13, வெள்ளி

இன்று ஓட்டல் நிறைய ஆட்கள். நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்கு எழுநூறு விரிப்பு வந்தது. இஸ்திரி போடும் ரோலரின் இந்த முனையில் நான், அந்த முனையில் குச்சி. பெயருக்கு ஏற்ற உடம்பு அவளுக்கு. எங்கள் இருவரையும் பார்த்து மேலே உள்ளவர்கள் ‘பத்து’ என்று கூப்பிடுவார்கள். அவள் ஒன்று, நான் பூஜ்யம். ஈர விரிப்பை இருவரும் மூலை பிடித்து உதறி, மடிப்பில்லாமல் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி. காலையில் ஒரு வலி மாத்திரை, மதியம் ஒன்று. அது இல்லாவிட்டால் முட்டி என்னைத் தாங்காது.

அறுவை பற்றி இன்றுதான் குச்சியிடம் சொன்னேன். “எதையாவது பண்ணு. ஆனா என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதே. இந்த ரோலரை வேற எவகூடவும் என்னால ஓட்ட முடியாது,” என்றாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எண்டாஸ்கோப்பி முடிவு வந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலத்தில் வெந்து புண்ணாகியிருக்கிறது. ஸ்லீவ் செய்தால் அது இன்னும் மோசமாகுமாம். “அப்போ பைபாஸ்தான் சரி,” என்றார் டாக்டர். மனசு லேசானது. யாரோ எனக்காக முடிவெடுத்துவிட்டார்கள்.

அப்புறம் என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்தார்.

“இந்த வலி மாத்திரை தினமுமா போடறீங்க?”

“ரெண்டு வேளை.”

“பைபாஸ் பண்ணினா இதை விட்டே ஆகணும். தையல் போட்ட இடத்துல புண்ணு வந்து ஓட்டையாயிடும். வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது.”

“எடை குறைஞ்சா முட்டி வலி போயிடுமா?”

“குறையும். முழுசாப் போகுமான்னு என்னால சொல்ல முடியாதுங்க.”

நேர்மையான மனுஷன். பொய் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 18, புதன்

ஸ்லீவ் என்றால் நெஞ்சு போகும். பைபாஸ் என்றால் முட்டி. எதை விட்டுக்கொடுப்பது?

பிப்ரவரி 23, திங்கள்

மாத்திரை இல்லாமல் இருந்து பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து நிறுத்தியிருந்தேன். இன்று பதினொரு மணிக்கு இடது முட்டி மடிந்துவிட்டது. விழப் போகிற நேரத்தில் கையில் இருந்த விரிப்பைப் பிடித்தே நிற்கப் பார்த்திருக்கிறேன் — அது ஏற்கனவே உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. குச்சி பாய்ந்து சிவப்பு பொத்தானை அடித்தாள். என் விரலுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

தரையில் உட்கார்ந்திருந்த என்னைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். நாலு பேர். இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தேன். ‘விடுங்க, நானே எழுந்துக்கிறேன்’னு சொல்லிட்டே இருந்தேன், யாரும் கேக்கல. ஒருத்தன் மூச்சு வாங்கினான். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. நாளையிலிருந்து துண்டு மடிக்கும் மேசையில் உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 2, திங்கள்

பைபாஸ். சொல்லிவிட்டேன். நிற்கிற வேலையைத்தான் பறிகொடுத்தாயிற்று, இனி முட்டியைக் கேட்டு என்ன? இவர், “நல்லா யோசிச்சியா?” என்றார். யோசித்துக் களைத்துப் போனதைத்தான் முடிவு என்று சொல்கிறேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

24ஆம் தேதி.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு வாரம் வெறும் நீராகாரம். பால், சூப், கொடுத்த பொடியைக் கரைத்த ஒரு வஸ்து. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்ததாம். இரைப்பைக்கு மேல் மூடி போட்ட மாதிரி கிடக்கிறதாம். அது கொஞ்சம் சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட முடியும் என்றார் டாக்டர்.

பொடிக்கு வெனிலா வாசனை என்று எழுதியிருக்கிறது. ஈரச் சுவரின் வாசனை.

மார்ச் 14, சனி

நாலு பிஸ்கட் தின்றேன். துணி அலமாரி முன்னால் நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில். மகள் பார்த்துவிட்டாள். பதினாறு வயசு, கத்துவாள் என்று நினைத்தேன். பாக்கெட்டை வாங்கி, சுருட்டி, தன் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவ முன்னாடி நான் யாரு? அம்மாவா, திருடியா?

மார்ச் 23, திங்கள்

மருத்துவமனை. நாலாவது மாடி, ஜன்னல் பக்கத்துக் கட்டில். 115.8. கையெழுத்துப் போட்ட தாளில் பைபாஸ் என்று பெரிய எழுத்தில் இருந்தது. சரிபார்க்க வந்த நர்ஸ், “என்ன ஆபரேஷன்னு நீங்களே ஒரு தடவை சொல்லுங்க,” என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். அவள் சிரித்தாள். பயமில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு வயிறு காலி.

மார்ச் 25, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

கண் விழித்ததும் வயிற்றைத் தடவினேன். சின்னச் சின்னதாய் மூன்று கட்டு. ஐந்து இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். “முடிஞ்சுதா?” என்று கேட்டேன். நர்ஸ், “டாக்டர் வந்து பேசுவாங்க,” என்றாள். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தில் ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதுவுமே செய்யவில்லை. ஸ்லீவும் இல்லை, பைபாஸும் இல்லை. கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

“பிஸ்கட்,” என்றேன் டாக்டரிடம். “நாலு பிஸ்கட் சாப்பிட்டேன். அதனாலதானா? ஈரல் சுருங்கலையா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“பிஸ்கட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. உங்க ஈரல் முழுக்க முடிச்சு முடிச்சா இறுகிப் போயிருக்கு. பல வருஷமா நடந்திருக்கு. ஸ்கேன்ல இவ்வளவுன்னு தெரியலை. இந்த நிலைமையில குடலை வெட்டி இணைச்சா ஆறாது. ஒரு சின்னத் துண்டு மட்டும் எடுத்து அனுப்பியிருக்கோம்.”

பிஸ்கட் இல்லையாம். ஏன் எனக்கு அதுவாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது?

ஏப்ரல் 2, வியாழன்

ஈரல் துண்டின் பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது. இனி ஈரல் டாக்டர். அவருடைய முதல் கேள்வி: “எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?”

“குடிக்கிறதில்லை.”

“வீட்ல யாருக்கும் தெரியாம…?”

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சார், அவ இருமல் மருந்துக்கே மூக்கைப் பொத்துவா!” கொழுப்பினாலும் இப்படி ஆகுமாம், அதையும் அந்த டாக்டரே அப்புறம் சொன்னார். கொஞ்ச நாள் போனால் கால் வீங்கலாம், கை கால் சதை கரையலாம், ரத்த வாந்தி வந்தால் ஓடி வர வேண்டும். தேவைப்பட்டால் மாற்று ஈரலுக்குப் பதிந்து வைக்கலாம். அதற்கு முன் எடை குறைய வேண்டும்.

எடை குறையணுமாம். எப்படி குறைக்கிறதுன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.

ஏப்ரல் 20, திங்கள்

அக்காவிடம் போனில் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்புறம், “எனக்கும் பாக்கச் சொல்லணுமாடி?” என்றாள். பாரு என்றேன்.

ஜூன் 11, வியாழன்

கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

ஜூலை 19, ஞாயிறு

மகள் உணவு அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். உப்பு இவ்வளவு, பருப்பு இவ்வளவு. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு வாய்மா,” என்கிறாள். வாழ்நாளில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. எனக்குப் பசியே இல்லை. இத்தனை வருஷம் போகாமல் கூடவே இருந்த பசி, இப்போது கூப்பிட்டாலும் வருவதில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

98.2. புதுச் சீருடை இரண்டு அளவு சின்னதாக வாங்கினேன்.

துண்டு எடுக்க வந்த வரவேற்பறைப் பெண் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். விடுப்பில் போய் இப்போதுதான் வந்திருக்கிறாள். நான் ஆபரேஷனுக்குப் போனது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். “ஐயோ அக்கா, நீங்களா? முகமெல்லாம் எவ்வளவு எடுப்பா ஆயிடுச்சு! அழகா இருக்கீங்க. ஸ்லீவா, பைபாஸா? எங்க அம்மாவும் எதைப் பண்றதுன்னு தெரியாம தவிச்சிட்டிருக்காங்க.”

ரோலர் பக்கத்திலிருந்து குச்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மாவை முதல்ல ஈரலை நல்லாப் பாக்கச் சொல்லும்மா,” என்றேன். “வெறும் ஸ்கேன் போதாது, அதுக்குன்னு தனி டாக்டர் இருக்காங்கன்னு சொல்லு.” பெயரை எழுதியும் கொடுத்தேன். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு, தண்ணீர்க் குழாய்க்கு மேலே இருக்கிற கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். கன்ன எலும்பு தெரிகிறது. கழுத்து தெரிகிறது. கண்ணின் வெள்ளை லேசாய் மஞ்சள்.

அழகா இருக்கேன்னு ஒருத்தி சொன்னா. எதனால் என்று தெரிந்திருந்தும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கு. ஆனால் இருந்தது.