நபோர் சொன்ன அந்தச் சொல்

புவெப்லா,
மார்ச் 4

அன்பு மகன் ரமிரோவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் கடவுள் கிருபையால் நலம், சிகாகோ குளிரில் நீயும் மருமகளும் இட்செலும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் இட்செல் தொலைபேசியில், "பாட்டி, பசங்கல்லாம் வாய்க்கு வாய் குவேய்ங்கிறாங்களே, அது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தச் சொல் என் காதில் விழக்கூடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். குழந்தை அறியக் கேட்டதற்கு அது பதிலில்லை. அவளுக்குச் சொல்: புவேய் என்றால் காயடித்த எருது, லத்தீனிலிருந்து வந்தது என்று மடத்து அம்மாமார் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஜனங்கள் வாயில் முதலெழுத்து தேய்ந்து குவேய் ஆயிற்று, இப்போது பாதியை விழுங்கி வேய் என்கிறார்கள். முதலில் மடையனைச் சொன்னார்கள், இன்று சிநேகிதனைச் சொல்கிறார்கள்.

போன வருஷம் உன் ஞானத்தகப்பன் நபோர், உன் அப்பாவின் சவப்பெட்டிமேல் கை வைத்து, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே, குவேய்" என்று அழுதபோது, சாமியார் முன்னாலேயே நான், "மாட்டுத் தொழுவம் அடுத்த தெருவில இருக்கு, தோன் நபோர்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாவு வீட்டுத் தரையில் சுண்ணாம்பால் இட்ட சிலுவையை ஒன்பதாம் நாள் ஜெபத்தோடு வாரி எடுக்க வேண்டியவர் உயிர்ச் சிநேகிதரான அவர், வராததால் என் தம்பி மகன் எடுத்தான். உன்னிடம் மறைத்ததை இன்று எழுதுகிறேன். என் கோபம் அந்தச் சொல்லின் மேல் அல்ல. கடைசி வாரம் நான் எவரிஸ்தோ, எவரிஸ்தோ என்று பேர் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டும் கண் திறக்காத உன் அப்பா, நபோர் வாசலில் நின்று "என்ன குவேய்" என்றதும் சிரித்தார். நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தவள் நான், எனக்கு அது தாங்கவில்லை.

வருகிற ஞாயிறு வருஷப் பூசை, சிலுவையை மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு வரச் சொல்லி நேற்று நபோருடைய டயர் கடைக்கு நானே நடந்து போனேன். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "வேணாம் தோன்யா லியோனோர், படிச்சவங்க நிக்கிற இடத்துல என் நாக்கு சும்மா இருக்காது, மறுபடி அதையே சொல்லித் தொலைப்பேன்" என்றார். நான், "சொல்லுங்க. சொல்லலேன்னா வந்திருக்கிறது யாருன்னு எவரிஸ்தோவுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

சனிக்கிழமை உன் ஞானத்தகப்பனுக்கு மறக்காமல் போன் செய், மரியாதையாகப் பேசு. மாதா உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
லியோனோர்