சனிக்கிழமை வரை அந்தக் குழாயைத் தொடாதே

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவும் உயிரோடு இருக்கிறாள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய் என்று நினைக்கிறேன். இன்று புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு மின் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் என் முன்னால் இருக்கிறது. அதன் மூன்றாவது வரியில் கட்டடத்துக்கு எர்த் இணைப்பு இல்லை என்றும், நான்காவது வரியில் குடியிருப்பவர் உயிருக்கு உடனடி அபாயம் என்றும் எழுதியிருக்கிறார். நீ பிறந்து வளர்ந்த வீட்டைத்தான் சொல்கிறார். மெயினை அணைத்து முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதனால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவார், தாள் தபாலில் பின்னால் வரும். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லியே என்னை முடித்துவிடுகிறாய், எழுத்தில் வந்தால் அப்படித் தப்ப முடியாது.

கடைசி வரை படிப்பாயோ மாட்டாயோ தெரியவில்லை, ஆகவே வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக் குளியலறைக் குழாயைத் தொடாதே. அங்கே ஹீட்டரைப் போடாதே. உன்னோடு தங்கியிருக்கும் இரண்டு பிள்ளைகளிடமும் இதைச் சொல். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போனில், குழாயைத் திறந்தா கை லேசா சுர்ருன்னுதும்மா, எங்க வீட்டுக் குழாய்க்கு எங்க மேல பாசம் அதிகம் என்று சொன்னாய், நானும் சிரித்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னாயா என்று கேட்டதற்கு, நீங்கள் மூன்று பேரும் நாளைக்காரர் என்று பேர் வைத்திருக்கிறீர்களே அந்த மனுஷர், செருப்பு போட்டுக்கிட்டுக் குளிங்க தம்பி, நாளைக்கு ஆள் அனுப்பறேன் என்றாராம். அதற்கும் சிரித்தேன். அதே வார்த்தையை நான் நான்கு மாதத்துக்கு முன்னால் நம் வீட்டு மாடிப்படியில் நின்று தையல்காரம்மாவிடம் சொல்லியிருந்தேன் என்பது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தெரிந்த வரையில் சொல்கிறேன். காலை ஏழு பத்துக்கு அவள் மாடியின் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் ஈரம். நான் போட்டுக்கொள்ளச் சொன்ன ரப்பர் செருப்பைக் கழுவிக் கைப்பிடிச் சுவர்மேல் காயவைத்திருந்தாள், வெறுங்காலோடு நின்றாள். வாஷிங் மெஷினின் மூடியைத் திறக்கக் கை வைத்தாள், கை ஒட்டிக்கொண்டது. கத்தவில்லை, கத்த முடியவில்லை. பஸ் ஓட்டும் அவள் புருஷன் முன்னறையில் சவரம் செய்துகொண்டிருந்தவர், வாளி உருளும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். கையால் இழுக்கப் போனவர் பணிமனையில் யாரோ சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்து நின்று, துடைப்பத்தின் பிளாஸ்டிக் கழியை எடுத்து அவள் கையைத் தட்டியிருக்கிறார். கழி வழுக்கியதே தவிரக் கை விடவில்லை. இரண்டாவது முறை ஓங்கும்போது அவளே பொத்தென்று விழுந்துவிட்டாள். மெயினை யாரும் அணைக்கவில்லை, பிளக்கை யாரும் பிடுங்கவில்லை. எப்படி விடுபட்டாள் என்று ஞாயிறு முழுவதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலை நம் எலக்ட்ரீஷியன் வந்தார், சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பாரே அவர்தான். மெஷினைக் கழற்றிப் பார்த்துவிட்டு இதில் ஒரு கோளாறும் இல்லையே என்றார். பிறகு, அந்த நேரத்துல கீழ என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு என்று கேட்டார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார், ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். என்னைக் கீழே அனுப்பி ஹீட்டரைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார், மூன்று முறை. மேலே மெஷினின் தகரத்தில் மீட்டரை வைத்தபடி அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் போட்டால் இருநூற்றுப் பத்து வோல்ட், அணைத்தால் ஒன்றும் இல்லை. அண்ணே, நீங்க கீழ சுவிட்ச் போட்டா மேல மெஷின் முழிச்சுக்குது என்றார். கெட்டுப்போனது நம் ஹீட்டர், கண்ணா. சுவரில் உயரத்தில் மாட்டியிருப்பதால் அதன் உடம்பை நாங்கள் யாரும் தொடுவதில்லை. அதில் கசிந்த மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போயிருக்க வேண்டியது, போக வழியில்லாமல் அதே கம்பி வழியாகவே மாடிக்கு ஏறி அவள் மெஷினில் நின்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் கை விடுபட்ட அந்த நொடியில் அப்பா குளித்து முடித்து சுவிட்சை அணைத்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தால் அவள் இன்று இல்லை. அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

எர்த் எங்கே போயிற்று என்பதுதான் உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தண்ணீர் பழுப்பாக வருகிறது, தைக்கக் கொடுத்த துணியெல்லாம் கறையாகிறது என்று தையல்காரம்மா சொன்னாள், நான்கே நாளில் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டுக் கொடுத்தோம். எங்களைப் போல நல்ல வீட்டுக்காரர்கள் உண்டா என்று நான் உன்னிடம்கூடப் பெருமை அடித்துக்கொண்டேன். இந்த வீட்டைக் கட்டியவர்கள் எர்த் கம்பியை அந்த இரும்புக் குழாயில்தான் பிடித்து வைத்திருந்தார்கள், மண்ணுக்குள் ஓடிய அந்தக் குழாய்தான் வீட்டுக்கே எர்த். குழாய் வேலை செய்தவர் பச்சைக் கம்பியைக் காட்டி இது என்ன சார் என்று கேட்டிருக்கிறார், அப்பா, பழைய ரேடியோ ஏரியலா இருக்கும், கழட்டிடு என்றிருக்கிறார். கழற்றியதோடு விட்டாரா, அழகாகச் சுருட்டி, நல்ல கம்பி என்று சீட்டு எழுதி மாடிப்படிக்கு அடியில் ஆணியில் மாட்டியும் வைத்திருந்தார். இன்று ஆய்வாளர் அந்தச் சுருளைக் கையில் எடுத்து யார் இதைக் கழற்றியது என்று கேட்டபோது, உன் அப்பா வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அவரை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் செய்தி எழுதிய பழக்கம், யார் எது சொன்னாலும் நாட்குறிப்பில் நேரத்தோடு குறித்து வைக்கிறேன். திங்கட்கிழமை அதை எடுத்துப் புரட்டினேன். மாடி, மெஷின், கை சுர்ர், காலை ஆறு ஐம்பது. மாடி, மறுபடியும், ஏழு ஐந்து. மாடி, இஸ்திரிப் பெட்டி, ஆறு நாற்பது. மாடி, மெஷின், அழுதாள், ஏழு. நான்கு மாதத்தில் நான்கு குறிப்பு, எல்லாம் என் கையெழுத்து, எல்லாம் அப்பா குளிக்கும் நேரம். இன்னொருத்தர் வீட்டில் இப்படி நடந்திருந்தால் நான்கு நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அந்த வீட்டுக்காரரைக் கேள்வியால் குடைந்திருப்பேன். என் வீடு என்பதால் எழுதி வைத்துவிட்டு, செருப்பு போட்டுக்கோ என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்துவிட்டேன்.

விதி என்ன என்று ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன், உனக்குப் பயன்படும். வாடகைக்கு விடுகிற வீட்டில் வயரிங்கை உரிமம் உள்ள ஒருவரைக் கொண்டு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும், அந்த அறிக்கையின் நகலைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும், அபாயம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே அந்த இணைப்பைத் துண்டித்துச் சரி செய்ய வேண்டும். இதெல்லாம் வீட்டுக்காரர் தானாகச் செய்ய வேண்டியது, குடியிருப்பவர் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தையல்காரம்மா வந்து ஆறு வருடமாகிறது, ஒரு முறைகூடச் செய்யவில்லை. அதுதான் மாசாமாசம் மீட்டர் பார்க்க ஆள் வர்றாரே, அவர் எல்லாம் பார்த்துட்டுத்தானே போறார் என்று அப்பா மெதுவாகக் கேட்டார். சார், அவர் வாசல்ல நின்னு எண்ணைக் குறிச்சுட்டுப் போறவர், ஒருநாளாவது உள்ள வந்திருக்காரா என்றார் ஆய்வாளர். மின்சாரம் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்சும் நம் பலகையில் இல்லை. அது இருந்திருந்தால் அவள் கை சுர்ரென்ற முதல் நாளே வீடு முழுக்க மின்சாரம் போயிருக்கும், நாங்களும் எரிச்சலோடு ஆளைக் கூப்பிட்டிருப்போம்.

நேற்று தையல்காரம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உள்ளங்கையில் பெரிய கட்டு, மார்பில் ஒயர்கள் ஒட்டிப் பக்கத்தில் திரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிறன்று இதயத் துடிப்பு இடையிடையே தவறியது, திங்கள் மாலையிலிருந்து சீராக இருக்கிறது என்று டாக்டர் அம்மா சொன்னார். வலது கையில் மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் உணர்ச்சி இல்லை. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அக்கா, பதினெட்டு யூனிஃபார்ம் வெட்டி வச்சது அப்படியே கிடக்கு என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவள் விரலைப் பார்க்கவே தைரியம் இல்லை. வெளியே வராந்தாவில் அவள் புருஷன் என்னிடம் வந்து, தொந்தரவு குடுத்துட்டோம், நாங்க காலி பண்ணணுமாக்கா என்று கேட்டார். அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்டார், கண்ணா. தப்பு முழுக்க எங்களுடையது என்றும், வீடு சரியாகி அறிக்கை வரும் வரை வேறு இடத்தில் தங்க வைப்பது எங்கள் பொறுப்பு என்றும், அதன் பிறகும் அந்த மாடி அவர்களுடையதுதான் என்றும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்று ஆய்வாளர் தாளின் நகலையும் அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அவர் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்கு உன்னை நினைக்க நினைக்கப் பயத்தைக் கிளப்புகிறது. நீயும் அப்படித்தானே பேசுகிறாய். ரொம்பக் கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாரும்மா, ஆபீசுக்குப் பக்கத்துல வேற வீடு கிடைக்காது என்கிறாய். வீட்டுக்காரியாக இருந்து சொல்கிறேன், குடியிருப்பவர் சிரித்துக்கொண்டே சொன்னால் எங்கள் காதில் அது சின்ன விஷயமாகத்தான் விழும், வாயால் சொன்னதை அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிவிடுவோம். தேதியும் நேரமும் போட்டு எழுத்தில் வந்தால் தள்ள முடியாது. ஆகவே எழுது. எந்தக் குழாய், எந்த நாள், அப்போது ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததா என்று எழுது. கடைசியாக வயரிங் சோதித்த அறிக்கையின் நகலைக் கேள், உன் வாடகை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருப்பதை நீ அனுப்பிய படத்தில் நானே படித்தேன். பக்கத்து வீடுகளில் யார் என்ன ஓட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. உன் ஹீட்டர் நன்றாக இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ போடும் சுவிட்சில் உன் குழாய் முழித்துக்கொள்ளலாம். செருப்பு ஒரு பாதுகாப்பும் இல்லை, ஈரச் சுவரில் மற்றக் கையை ஊன்றினால் முடிந்தது. நீ நேற்று போனில், இங்கதாம்மா குளிச்சேன், செருப்பு போட்டுக்கிட்டு என்று சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறார், அதுவும் மின்சாரமே இல்லாத ஃபிரிட்ஜ். நானும் எதைத் தொட்டாலும் முதலில் புறங்கையால் தட்டிப் பார்க்கிறேன், எதிர்க்கடையில் போனுக்கு சார்ஜ் போடும் ஒயரைக்கூட. குளிருக்குக் கனமான சட்டை வாங்கிக்கொள், வெளியிலேயே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அலுவலகத்தில் குளிக்க வசதி இருக்கிறது என்று சேர்ந்த புதிதில் சொன்னாய், சனிக்கிழமை வரை மூன்று பேரும் அங்கேயே குளியுங்கள், கூச்சப்பட வேண்டாம். கையும் காலும் மனசும் பத்திரமாக நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் கூட இருக்கும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

இனி வர வேண்டியவை. நம் வீட்டுக்குப் புது எர்த் நாளை மதியத்துக்குள் மண்ணில் இறங்கும் என்று டெஸ்டர்காரர் சொல்லியிருக்கிறார், மறு ஆய்வு திங்கட்கிழமை. தையல்காரம்மாவின் இதயப் பரிசோதனை வெள்ளிக்கிழமை காலை, விரல் நரம்புப் பரிசோதனை அடுத்த செவ்வாய், அதற்கு முன் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். உன் வீட்டுக்கு சனிக்கிழமை பத்து மணிக்கு உரிமம் உள்ள ஆள் வருவதாக நீ இன்று காலை செய்தி அனுப்பியிருக்கிறாய். நாளைக்காரர் அதை எழுத்தில் தரும் வரை நான் அதை உறுதியான தகவலாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை, நாளை சாயங்காலத்துக்குள் வாங்கி எனக்கு அனுப்பு. இன்று நீ எங்கே குளித்தாய் என்று காலையிலேயே கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. மாலை ஆறு மணிக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
போனைக் கையிலேயே வைத்திருக்கும் உன் அம்மா