மருமகன் சொன்ன பன்னிரண்டு சொல்

2024 பெப்ரவரி 4, ஞாயிறு
கட்டாரில் மருமகன் சுதாகரனின் போனைத் திருடிவிட்டார்களாம். மூன்று வருஷ ஓவர்டைம் காசைப் பிட்காயினாக வைத்திருந்தது அதில்தான். பயப்பட ஒன்றுமில்லை என்கிறான். போன வருஷம் அவன் வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்ட பன்னிரண்டு ஆங்கிலச் சொல் இருந்தால் வேறு போனில் திறக்கலாமாம். தொழிலாளர் கேம்பில் வைத்தால் களவு போகும் என்று என்னிடம் மட்டும்தான் கொடுத்திருந்தான். எழுதிய நோட்டுக் கொப்பி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஏப்ரலில் ஒரேயடியாக வந்துவிடுவான். அந்தக் காசில் வாங்கக் கஹவத்தையில் காணியும் பேசியாயிற்று.

பெப்ரவரி 6
மகள் தனுஜாவுடன் டவுனுக்குப் போனேன். போன் கடை முஹ்ஸின் கொப்பியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இங்கிலீஸ் சொல்ல ஏன் தமிழ்ல எழுதி வச்சிருக்கீங்க?" என்றான். ஆங்கில எழுத்தை எனக்கு எவரும் படிப்பிக்கவில்லை. தமிழை நானாகப் படித்தேன். தெரிந்ததில் எழுதினேன். இதில் என்ன குற்றம்?
'கேஸ்' என்றால் அடுப்புக் கேஸா, கோர்ட்டுக் கேஸா என்று கேட்டான். 'கோட்' ஆடா, இரகசியக் குறியா? வாசித்தவனை அல்லவா கேட்க வேண்டும். நான்கு விதமாகவும் போட்டுப் பார்த்தான். திறக்கவில்லை.

பெப்ரவரி 7
தனுஜா பேசவில்லை. நானும்தான்.

பெப்ரவரி 9
திரும்பவும் போனோம். "மருமகன் சொன்ன வரிசையிலதானே இருக்கு?" என்றான் முஹ்ஸின். இல்லை என்றேன். மருமகன் சொன்னது தாறுமாறாகக் கிடந்தது. கோயில் உபயகாரர் பட்டியல் போல அகர வரிசைப்படுத்திச் சுத்தப் பிரதி எடுத்தேன். எவரும் பார்க்கக் கூடாது என்றிருந்தான். முதல் தாளை அன்றே அடுப்பில் போட்டேன்.
முஹ்ஸின் கொப்பியை மூடி வைத்தான். பிறகு எனக்குப் பிளேன்டீ எடுப்பித்தான். வரிசையும் சேர்ந்ததுதான் சாவியாம். பன்னிரண்டு சொல்லை மாற்றி மாற்றி அடுக்கினால் நாற்பத்தேழு கோடிக்கு மேல் வருமாம். காசு எங்கேயும் போகவில்லையாம், எவராலும் எடுக்கத்தான் முடியாதாம்.
ஒழுங்கில்லாததை ஒழுங்குபடுத்தியது தப்பா?
பஸ்ஸில் தனுஜா, "அது பேர் லிஸ்ட் இல்லப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பெப்ரவரி 11
சுதாகரன் பேசினான். வரிசை அவனுக்கும் நினைவில்லை. "விடுங்க மாமா. வேணும்னேவா செஞ்சீங்க?" என்றான்.
திட்டியிருக்கலாம். இரண்டு நாளாகப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

பெப்ரவரி 20
காணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 2
சுதாகரன் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கட்டுநாயக்க ஏர்போட்டுக்குப் பேசி வைத்திருந்த வேன்கார ஏழுமலைக்கு நானே போன் எடுத்து, ஏப்ரலில் வேண்டாம் என்றேன்.
"ஏங்க, மருமகன் வரலீங்களா?"
லீவு கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"என்னாலதான்பா வரல" என்றேன்.