எரியாத ஆயில் விளக்கு

இன்று காலை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி சாவியைக் கொடுத்தாள். நீ செத்துப்போன பிறகு சும்மா நின்ற உன் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். பேட்டரி விளக்கு எரிந்தது, கைபிரேக் விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டிய ஆயில் விளக்கு மட்டும் எரியவில்லை. ஸ்டார்ட் செய்யாமல் இறங்கிவிட்டேன்.

நீ ஒரு சந்தேகப் பிராணி என்று கள்ளக்குறிச்சி கார் ஸ்டாண்டுக்கே தெரியும். பெட்ரோல் பங்கில் டீசல் போடும்போது மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாய். அவசரத்துக்கு என் வண்டியை வாங்கிப் போனபோதுகூட விளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாய். "எரியறத பத்தி பயமில்லடா. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன எரியாம கீது பாரு, அதத்தான் நம்பக்கூடாது. எவனோ கை வச்சிகிறான்" என்றாய். கல்வராயன் மலைக்கு ஓட்டும் நம் ஆட்கள் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஏற்றத்தில் ஆயில் அழுத்தம் குறைந்து விளக்கு மினுக்கினால் சவாரி வந்தவர்கள் பயந்துவிடுவார்கள் என்று சென்சார் ஒயரையே பிடுங்கிவிடுவார்கள். அவர்களை நீ திட்டாத திட்டா?

அப்படிப்பட்ட உன் காரிலேயே ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது. டேப் சுற்றி, பார்வைக்குத் தெரியாமல் இன்ஜினுக்குப் பின்னால் சொருகியிருந்தார்கள். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு முதலில் உன்மேல்தான் சந்தேகம் வந்தது. இன்ஜின் போனது தெரிந்து, யார் தலையிலாவது கட்டுவதற்காக மறைத்தாயோ என்று நினைத்தேன். அவளுக்கு நீ விட்டுப்போனது இந்தக் கார் ஒன்றுதான். இதை வெள்ளிமலைக்கு வாடகைக்கு ஓட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மலையில் ஆயில் ஏறாமல் இன்ஜின் பிடித்துக்கொண்டால் அவள் பிழைப்பும் அதோடு போய்விடும்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. பிடுங்கிய ஒயரின் முனையை இன்ஜின் இரும்பில் தொடவைத்து எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. ஆக, ஒயரும் பல்பும் நல்லவைதான். சென்சாரைக் கழற்றினால் அதன் தலைவழியாகவே ஆயில் கசிந்து சொதசொதவென்று இருந்தது. சென்சார்தான் என்று முடிவுகட்ட மனம் துடித்தது. நீயாக இருந்தால் விடுவாயா? ஒர்க்ஷாப்பில் பிரஷர் மீட்டர் கேட்டு வாங்கிவந்து, சென்சார் இருந்த துளையில் முடுக்கி ஸ்டார்ட் செய்தேன். முள் ஏறியது. இன்ஜின் சூடானதும் கொஞ்சம் இறங்கி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது; கெட்டது சென்சார் மட்டும்.

புது சென்சாரைப் போட்டுவிட்டு உன் மனைவியிடம் கேட்டேன், "யாரும்மா இந்த ஒயர புடுங்கனது?"

"நான்தாண்ணே புடுங்கச் சொன்னேன். இவர காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவசொல்லல்லாம் அந்த வெளக்கு மினுக்கும். வண்டிய ஓரங்கட்டிட்டு, மூச்சு வாங்க வாங்க பானட்ட தொறந்து பாத்துகினு நிப்பாரு. நாங்க போறதுக்குள்ள டாக்டர் எழுந்து பூடுவாரு. மெக்கானிக்கு அளந்து பாத்துட்டு சென்சாருதான்னாரு. இவரு நம்பினாதானே? டூப்ளிகேட்ட தலையில கட்டப் பாக்கறான்னுட்டாரு. அதான் அவரு தூங்கசொல்ல மெக்கானிக்க வூட்டுக்குக் கூட்டியாந்தேன்."

பானட்டைத் தடவிக்கொண்டே, "ஏமாத்திட்டமேன்னு இன்னும் மனசு அடிச்சிகினே கீதுண்ணே" என்றாள்.

சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். உன் வண்டியை வேறு யாரையும் ஓட்டவிடாதவன் நீ. கடைசிவரை நீயேதான் ஓட்டினாய். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியாததைப் பார்க்காமலா இருந்திருப்பாய்? ஒரு நிமிஷத்தில் ஒயரைத் தேடிச் சொருகியிருக்கலாம். சொருகவில்லை.

"அவனுக்கு மொத நாளே தெரிஞ்சிருக்கும்மா" என்றேன்.

"இன்னாண்ணே சொல்றீங்க? ஒரு வார்த்த கேக்கலியே!"

"கேக்கமாட்டான். நீ செஞ்சதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சிகினேவா கூட வந்தாரு?" என்று அழுதாள்.

உன் சந்தேக புத்தி முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. டீக்கடை டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். ஆனால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் ஓட்டிப்போனாயே, அது எனக்கு வருமா தெரியவில்லை. எந்த நேரம் இன்ஜின் பிடித்துக்கொள்ளுமோ என்று வழிநெடுக உனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்!