அத்திமரம் உயிரோடு நிற்கும்வரை

ஜூன் 3

1. இதை எழுதும் நான், வயது ஐம்பத்தேழு, முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் வரையும் வழக்குரைஞன். முன்வீடு என்னுடையது.

2. பின்வீட்டில், கணவனை இழந்த என் தங்கை தையல் வேலை செய்து வாழ்கிறாள். முற்றத்து அத்திமரம் உயிரோடு நிற்கும்வரை அவள் அங்கே குடியிருக்கலாம் என்பது அப்பாவின் உயில். அவள் காலம் முழுவதும் என்ற பொருளில்தான் அப்பா சொன்னார். சொன்னதைச் சொன்னபடியே எழுதியவன் நான்.

3. இன்று வீசிய காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. பின்வீடு என் அலுவலகத்துக்கு வேண்டும்.

ஜூன் 5

தங்கை நர்சரிக்காரரை அழைத்து வந்துவிட்டாள். "பாதி வேர் நல்லாத்தாங்க இருக்கு. தூக்கி நட்டா பொழைச்சுக்கும்" என்றார்.

நான் தடுக்கவில்லை. ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினேன்: தொண்ணூறாம் நாள் மரத்தில் தளிர் இல்லையெனில் அவள் வீட்டைக் காலி செய்வாள். 'உயிர்' என்று எழுதப்போன பேனாவை நிறுத்தி, 'தளிர்' என்று எழுதினேன்.

"எங்கிட்டயே பத்திரமா? நீ அண்ணனா, வக்கீலா?"

"கையெழுத்துப் போடுறவரைக்கும் வக்கீல்."

சிரித்துக்கொண்டே போட்டாள். கிளைகளைக் கழித்து, கயிறு கட்டி நிமிர்த்தினார்கள். கயிற்றை நானும் பிடித்தேன். "நீ கைகொடுக்கலன்னா மரம் போயிருக்கும்ண்ணா" என்றாள்.

ஜூலை 11

மொட்டை மரம். தினமும் இரண்டு குடம் ஊற்றுகிறாள். மரத்தோடு பேசவும் செய்கிறாள் — என்னைப் பற்றி, நல்லவிதமாக.

ஆகஸ்ட் 19

தைத்த துணிகளைக் கொடுக்க அவள் வெளியே போயிருந்தாள். அடிமரத்தில் மூன்று முளைகள், மிளகளவு. பச்சை.

கிள்ளினேன்.

ஆகஸ்ட் 22

அத்திப்பால் பட்ட கட்டைவிரல் வெந்து கறுத்துவிட்டது. "என்னண்ணா கையில?" "மை." நம்பாமல் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள். ச்சே, ஏன்டா கையை நீட்டினே? — கையைப் பின்னுக்கு இழுத்திருந்தால் அவளுக்கு ஐயம் வந்திருக்கும். அதனால்தான்.

ஆகஸ்ட் 29

மேலும் இரண்டு.

செப்டம்பர் 3

தொண்ணூறாம் நாள். நர்சரிக்காரர் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. "உசிரு இருக்கும்மா!" தங்கை அழுதுவிட்டாள்.

"தளிர் இருக்கா?" என்றேன்.

குனிந்து பார்த்தார். "வந்த தடம் இருக்கு சார். யாரோ கிள்ளியிருக்காங்க."

"ஆடு கடிச்சிருக்கும்."

"ஆட்டுக்கு ஏது சார் நகம்?"

தங்கை மரத்தைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாள். "எண்ணெய் போட்டும் ஆறலையாண்ணா?"



செப்டம்பர் 9

தையல் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் எனக்கு அப்படியொரு கடமை இல்லை.

அக்டோபர் 21

மரம் முழுக்கத் தளிர். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. புது அலுவலகத்தின் முற்றத்து ஜன்னலை மூடியே வைத்திருக்கிறேன்.

மேற்கண்டவை யாவும் நான் அறிந்து எழுதியவை.

(ஒப்பம்)

சாட்சிகள்:
1. நர்சரிக்காரர் — வர மறுத்துவிட்டார்.
2. தங்கை — முகவரி தெரியவில்லை.