தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போன வாக்குச்சாவடி

ஏங்க,

தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. ஆனாலும் செங்கல் இறக்கப் போகிறேன். வார்டு இடைத்தேர்தலில் தோற்றவளுக்கெல்லாம் மேஸ்திரி லீவு தரமாட்டார். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் எழுந்து சாப்பிடுங்கள்.

நேற்று முடிவு வந்ததும் தெருவில் வைத்தே உங்கள் மேல் பாய்ந்தேன். "உங்களாலதான் தோத்தேன். என்னை எதிர்த்து நின்னவரோட அம்மாவை ஏன் வண்டியில ஏத்துனீங்க?"

"நடக்க முடியாம நின்னாங்க, ஏத்துனேன். ஓட்டு யாருக்குன்னு கேட்டு ஏத்த நான் என்ன பூத் ஏஜெண்டா?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது அடுப்படியில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. நம் தெருவுக்கான வாக்குச்சாவடியைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நடக்க முடியாதவர்களை அங்கே ஏற்றிப்போன உங்கள் தள்ளுவண்டி மட்டும் இல்லையென்றால் எனக்கு விழுந்த ஓட்டில் பாதிகூட விழுந்திருக்காது. நான் தேர்தலில் நிற்பதே உங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்படியும் நாள் முழுக்க வெயிலில் வண்டி தள்ளினீர்கள். வேறு எந்த மனுஷன் செய்வான்?

என்னை எதிர்த்து ஜெயித்த பேக்கரிக்காரர் இன்று அந்த அம்மாவோடு வந்து உங்களுக்கு நன்றி சொல்லப் போகிறாராம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் டீ போட்டுக் கொடுங்கள். குடித்து முடிப்பதற்குள், வாக்குச்சாவடியைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

முழங்காலுக்குத் தைலம் அலமாரியில் இருக்கிறது. இன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது.

இன்னொன்று. திட்டியது தெருவே பார்க்க. மன்னிப்பும் தெருவே பார்க்கத்தான் கேட்கணும். அது உங்களுக்கு நான் வைத்திருக்கிற பாக்கி.