கிளிப்பைச் செருகியவன் நான், வயர்மேன் அல்ல

அனுப்புநர்:
'மூட்டை' என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஓய்வுபெற்ற சுமைதூக்கும் தொழிலாளி,
மூன்றாவது பிளாக், பதினோராம் எண் வீடு.

பெறுநர்:
மின் பராமரிப்புப் பொறியாளர் அவர்கள்,
தொழிலாளர் குடியிருப்பு.

பொருள்: எங்கள் பிளாக் வயர்மேனை மீண்டும் வேலையில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆனால் நடந்தது எதுவும் எனக்கு மறக்காது.

1. எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் சென்ற மாதம் ஒன்பது முறை விழுந்தது. ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் ஐந்தாறு நிமிடத்தில் 'டப்'. இந்தத் திங்கட்கிழமை, பெரிய சுவிட்சாக மாற்றச் சொன்னேன். "சுவிட்சு தாங்கும் பெரியவரே, சுவத்துக்குள்ள இருக்குற ஒயரு தாங்காது" என்று வயர்மேன் மறுத்துவிட்டார். பதிலுக்கு நான் சொன்ன வார்த்தைகளை எழுத மருமகள் மறுக்கிறாள்.

2. அன்று மாலையே, சுவிட்சின் பிடி கீழே விழாதபடி ஒரு துணி கிளிப்பைச் செருகினேன். யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் செவ்வாய், காலை பதினொன்றேகாலுக்கு, ஹீட்டருக்குப் பின்னால் ஒயர் கருகி இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன. ஒரே சத்தம், மின்சாரம் நின்றது. பிடி மட்டும் மேலேயே இருந்தது; சுவிட்ச் பலகையைத் திறந்து காட்டாமல், அதை மட்டும் வாயால் சொன்னேன். "சுவிட்சு போட்டபடிதானே இருக்கு? அந்த வயர்மேன்தான் ஆத்திரத்துல எங்கயோ கழட்டி விட்டுட்டான்" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். வயர்மேன் மீது புகார் எழுதப்பட்டது. வாசித்துக் காட்டிய பிறகே நானும் கைநாட்டு வைத்தேன்.

3. மாலையில் வந்த வயர்மேன் பலகையைத் திறந்ததும் கிளிப்பைப் பார்த்துவிட்டார். பலகையில் கை வைத்தவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. செயலாளர் படியிலேயே நின்றார். வயர்மேன் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் ஒயரை மாற்றினார்.

4. பிறகு ஒரு பழைய சுவிட்சைப் பிரித்து எனக்குக் காட்டினார். இரண்டு உலோகம் ஒட்டிய தகடு ஒன்று உள்ளே இருக்கிறது. சுமை கூடினால் அது சூடேறி, மெல்ல வளைந்து, ஒரு கொக்கியைத் தட்டிவிடுகிறது. கம்பிகள் ஒட்டிக்கொண்டால் அந்தப் பொறுமை கிடையாது. பக்கத்தில் உள்ள கம்பிச் சுருள் காந்தமாகி, இமைப்பதற்குள் கொக்கியை விடுவிக்கிறது. பிரியும் முனைகளுக்கு நடுவே எழும் நெருப்பை அடுக்குத் தகடுகள் துண்டு துண்டாக்கி அணைக்கின்றன. வெளியே பிடியை யார் பிடித்திருந்தாலும் உள்ளே கொக்கி விழுந்தே தீரும். என்னைப் போல் ஒரு புத்திசாலி வருவான் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள், ஐயா! போகும்போது கிளிப்பை என் கையில் கொடுத்து, "இது துணிக்கு" என்றார். மறுநாள் அவர் வேலை போயிற்று.

5. முப்பத்தெட்டு வருடம் மூட்டை சுமந்தவன் நான். மேஸ்திரி சொல்லாமல் ஒரு நாளும் இறக்கியதில்லை; என் இடுப்பே சாட்சி. தாங்க முடியாததை, யார் அதட்டினாலும் கீழே போடும் ஒன்றை இந்த வயதில்தான் பார்த்தேன். அதைப் போலவே ஒரு மனிதரையும் பார்த்தேன். அன்று கருகிய ஒயருக்கு அடுத்த அறையில், தையல் துணிக் குவியலுக்கு நடுவே மருமகள் உட்கார்ந்திருந்தாள். கிளிப் சங்கதி அவளுக்கு இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ஆகையால் வயர்மேனை உடனே வேலைக்கு அழைக்க வேண்டுகிறேன். விதிப்படி யாராவது வெளியேற வேண்டுமானால் நான் வெளியேறுகிறேன். அந்தப் புகாரில் வைத்த விரலையே இதிலும் வைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்; ரேகை ஒன்றுதான்.

இடம்: மூன்றாவது பிளாக்
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)

இணைப்பு: துணி கிளிப் – ஒன்று.